மேலே ரெயில்! கீழே ரோடு! 160 ஆண்டு தாண்டிய இரும்புப் பாலம்

வீட்டுக்கு மாடி உண்டு. பஸ்சுக்கு மாடி உண்டு. பாலத்துக்கு மாடி உண்டா?

உண்டு! பீகார் மாநிலத்தில் சோன் நதியின் குறுக்கே அப்படி ஒரு பாலம் நிற்கிறது. மேல் தளத்தில் ரெயில் ஓடும். கீழ்த் தளத்தில் ரோடு. தலைக்கு மேல் "தடதட" என்று எக்ஸ்பிரஸ் போகும். அதற்கு அடியில் மாட்டு வண்டியும் சைக்கிளும் மோட்டாரும் போகும். இரும்புக் கிராதிகளுக்கு நடுவே நின்று மேலே பார்த்தால், ரெயிலின் சக்கரங்கள் ஓடுவது தெரியும்.

இந்த விந்தை நேற்று முளைத்தது அல்ல. 1862-ம் ஆண்டு கட்டி முடித்தது. காந்தியடிகள் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பு! இன்றும் கல்கத்தா - டெல்லி முக்கிய ரெயில் பாதைகளில் ஒன்று இந்தப் பாலத்தின் முதுகின் மேல்தான் போகிறது.

பாலம் இருக்கும் ஊரின் பெயர் கோயில்வார். நம் ஊர்ப் பெயர் போல் ஒலிக்கிறது அல்லவா? பாட்னாவுக்கு மேற்கே, போஜ்பூர் ஜில்லாவில் இருக்கிறது. எதிர்க்கரையில் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் பெற்ற பரேவ் என்ற ஊர்.

160 ஆண்டு வெள்ளத்தைப் பார்த்த பாலம் இது. 1934-ம் ஆண்டு பீகாரையே உலுக்கிய பூகம்பத்தையும் பார்த்தது. அப்போதெல்லாம் அசையாத பாலத்துக்கு இப்போது ஓர் ஆபத்து. அது வானத்திலிருந்து வந்ததல்ல. நதியிலிருந்து வந்ததும் அல்ல. மனிதன் கையில் இருக்கும் மண்வெட்டியிலிருந்து வந்தது. அதைச் சொல்வதற்கு முன், நதியின் கதையையும் பாலத்தின் கதையையும் பார்த்துவிடுவோம்.

ஆண் நதி!

நம் நாட்டில் நதிகள் பெரும்பாலும் பெண்கள். கங்கை அன்னை, காவிரித் தாய் என்றே சொல்கிறோம். சோன் நதியையோ ஆண் என்று வட நாட்டார் சொல்வார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் அமர்கண்டக் என்ற மலை இருக்கிறது. நர்மதையும் சோனும் அந்தப் பக்கத்தில்தான் பிறக்கின்றன. அங்கே பாட்டிமார் சொல்லும் கதை இது:

நர்மதைக்கும் சோனுக்கும் கல்யாணம் நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று பார்த்து வரும்படி, நர்மதை தன் தோழி ஜோஹிலாவை அனுப்பினாள். போகும்போது தன்னுடைய நகைகளையும் அவளுக்குப் பூட்டி அனுப்பினாள். நகையைப் பார்த்த சோன், வந்தவள்தான் மணப்பெண் என்று நினைத்துவிட்டான். ஜோஹிலாவும் வாயைத் திறக்கவில்லை! செய்தி தெரிந்த நர்மதைக்கு வந்ததே கோபம்! "இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்று திரும்பி மேற்கே ஓடியவள், அரபிக் கடலில் போய்த்தான் நின்றாள். சோன் கிழக்கே போய்க் கங்கையில் விழுந்தான்.

கதை எப்படியோ, பூகோளம் அப்படியே இருக்கிறது. நர்மதை மேற்கே ஓடுகிறது. சோன் வடகிழக்கே சுமார் 780 கிலோ மீட்டர் ஓடி, பாட்னாவுக்கு மேற்கே கங்கையில் கலக்கிறது. ஜோஹிலா என்ற சிற்றாறும் சோனில் வந்து சேருகிறது!

சோன் முரட்டு நதி. கோடையில் பார்த்தால் "இதுவா நதி?" என்று கேட்கத் தோன்றும். கண்ணுக்கு எட்டிய வரை மணல். நடுவே வாய்க்கால் போல் தண்ணீர். மழை காலத்தில் அதே நதி ஒரே நாளில் கரை புரண்டு வரும். 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேலே இந்திரபுரி அணையிலிருந்து வினாடிக்கு 11 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்து வந்தது. 2018-ம் ஆண்டு காவிரியில் வெள்ளம் வந்தபோது மேட்டூரில் திறந்த தண்ணீர் சுமார் 2 லட்சம் கன அடி. அதற்கே காவிரிக் கரை நடுங்கியது. அப்படியானால் சோன் நதியின் வெள்ளம் எப்படி இருந்திருக்கும்!

இந்த நதியின் மேல்தான் பாலம் போடத் துணிந்தார்கள்.

உறைகிணறு மேல் நிற்கும் பாலம்

கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு ரெயில் விட வேண்டும் என்று கிழக்கிந்திய ரெயில்வே கம்பெனி முடிவு செய்தது. ஜார்ஜ் டர்ன்புல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதன் தலைமை என்ஜினீயர். வழியில் பல ஆறுகள் குறுக்கிட்டன. எல்லாவற்றிலும் பெரிய தலைவலி சோன்.

பாலத்துக்குப் படம் போட்டவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த இருவர். ஒருவர் ஜேம்ஸ் மெடோஸ் ரெண்டல். மற்றவர் மாத்யூ டிக்பி வையட். 1856-ம் ஆண்டு வேலை தொடங்கியது. அதே ஆண்டு ரெண்டல் இறந்துவிட்டார். தன்னுடைய பாலத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

ஆற்றிலே எங்கே தோண்டினாலும் மணல். மணல் மேல் தூண் கட்டினால் நிற்குமா? அதற்கு ஒரு வழி இருந்தது. அந்த வழி சீமையிலிருந்து வந்ததல்ல. நம் நாட்டு வழி!

தமிழ்நாட்டில் ஆற்றங்கரைக் கிராமங்களில் உறைகிணறு இறக்குவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வட்டமான உறையை மணலில் வைத்து, உள்ளே இருக்கும் மணலைத் தோண்டி எடுப்பார்கள். தோண்டத் தோண்ட உறை தன் கனத்தால் கீழே இறங்கும். மேலே இன்னொரு உறையை வைப்பார்கள். அதுவும் இறங்கும்.

பாலத்துக்கும் அதே வித்தைதான். ஆற்றின் நடுவே செங்கல்லால் பெரிய வட்டச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே மணலை எடுப்பார்கள். சுவர் இறங்கும். மேலே மேலே கட்டி, வேண்டிய ஆழம் வந்ததும் உள்ளே நிரப்பி மூடிவிடுவார்கள். அந்தக் கிணறுகளின் தலைமேல் தூண் எழும்பும். தாஜ்மகாலின் அடியிலும் இப்படிக் கிணறுகள் உண்டு. ரெயில்வே என்ஜினீயர்கள் இந்த மண்ணிலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இரும்பு மட்டும் சீமைச் சரக்கு. இங்கிலாந்தில் செய்து, கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கடல் கடந்து வந்த சட்டங்களை ஒன்றோடு ஒன்று பூட்டி, கட்டிலுக்குக் கயிறு பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிராதி கட்டினார்கள். சட்டம் மெல்லியதுதான். பின்னல்தான் பலம். ஒரு சட்டத்தின் மேல் விழும் பாரத்தை மற்றச் சட்டங்கள் பங்கு போட்டுக்கொள்ளும்.

மேலே ரெயில், கீழே ரோடு என்று வைத்ததிலும் சாமர்த்தியம் இருக்கிறது. ரெயிலைத் தாங்க ஆள் உயரத்துக்கும் மேலான கிராதி எப்படியும் வேண்டும். அந்த உயரத்துக்கு நடுவே இருக்கும் இடம் காலிதானே? அதில் ஒரு ரோட்டைச் செருகிவிட்டால் இரண்டாவது பாலத்தின் செலவு மிச்சம்!

நடுவிலே வந்தது புரட்சி

வேலை தொடங்கி ஓராண்டுதான் ஆயிற்று. 1857-ம் ஆண்டு நாடெங்கும் புரட்சித் தீ பற்றியது.

ஜூலை 25-ந் தேதி பாட்னாவுக்குப் பக்கத்தில் தானாப்பூர் பட்டாளத்தில் இருந்த மூன்று சிப்பாய்ப் படைகள் வெள்ளைக்காரருக்கு எதிராகக் கிளம்பின. மேற்கே போய், சோன் நதியைக் கோயில்வாரில் கடந்தன. பாலம் வேலை நடந்துகொண்டிருந்த அதே இடம்! அங்கிருந்து ஆரா நகரத்துக்குப் போயின. அங்கே படைகளுக்குத் தலைமை தாங்கியவர் ஜெகதீஷ்பூர் ஜமீன்தார் குன்வர்சிங். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 80. பேரன் பேத்தி எடுத்த வயதில் குதிரை ஏறிய வீரர்.

ஆராவில் விகார்ஸ் பாயில் என்ற ரெயில்வே என்ஜினீயர் குடியிருந்தார். ஏதோ நடக்கப் போகிறது என்று அவருக்கு முன்பே தோன்றியிருந்தது. வீட்டுத் தோட்டத்தில் பில்லியர்ட்ஸ் விளையாடுவதற்கு ஒரு சின்ன இரண்டு மாடிக் கட்டடம் வைத்திருந்தார். அதன் வளைவுகளைச் செங்கல்லால் அடைத்தார். அரிசி, மாவு, தண்ணீர், தோட்டா எல்லாம் சேர்த்து வைத்தார். மற்ற வெள்ளைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

ஜூலை 27-ந் தேதி புரட்சிப் படை ஆராவுக்குள் நுழைந்தது. கேலி செய்தவர்கள் எல்லோரும் அந்த விளையாட்டு வீட்டுக்குள்தான் ஓடி ஒளிந்தார்கள்! வெள்ளைக்காரர்களும் மற்றவர்களுமாக 18 பேர், சீக்கிய சிப்பாய்கள் 50 பேர். ஒரு வாரம் முற்றுகை நடந்தது. தண்ணீர் தீர்ந்தபோது வீட்டுக்குள்ளேயே கிணறு தோண்டினார்கள். அவர்களை மீட்பதற்குத் தானாப்பூரிலிருந்து சுமார் 400 பேர் கொண்ட படை புறப்பட்டது. இருட்டில் மாந்தோப்பில் மறைந்திருந்த குன்வர்சிங்கின் ஆட்கள் அதைச் சிதற அடித்தார்கள். அதன் தளபதியும் மாண்டான். பிறகு பக்ஸார் பக்கத்திலிருந்து இன்னொரு படை பீரங்கிகளோடு வந்துதான், ஆகஸ்டு 3-ந் தேதி முற்றுகை விலகியது.

குன்வர்சிங் சளைக்கவில்லை. ஊர் ஊராகப் போரிட்டு, 1858-ம் ஆண்டு ஏப்ரலில் ஜெகதீஷ்பூரைத் திரும்பப் பிடித்தார். பிடித்த சில நாளில் காயங்களால் இறந்தார். ஆராவில் மகாராஜா கல்லூரி வளாகத்தில் அந்த விளையாட்டு வீடு இன்றும் இருக்கிறது. போஜ்பூர் ஜில்லாவில் குன்வர்சிங் பெயரைத் தெரியாத குழந்தை இல்லை.

ரெயில் வேலை என்ன ஆயிற்று? நின்றுபோயிற்று. ரெயில் பாதை வெள்ளைக்காரரின் பட்டாளத்தை ஏற்றிவரும் பாதை என்பது புரட்சிக்காரர்களுக்குத் தெரியாதா? வழி நெடுக வேலைகளை நாசம் செய்தார்கள். அமைதி திரும்பிய பிறகே கோயில்வாரில் மறுபடியும் கிணறு இறங்கியது.

வைசிராய் இறங்கிப் பார்த்த பாலம்

1862-ம் ஆண்டு பாலம் முடிந்தது. 150 அடி அகலமான 28 கண்கள். மொத்த நீளம் 4,726 அடி. கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ மீட்டர்! அந்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து காசிக்கு எதிர்க்கரை வரை ரெயில் போயிற்று. மாதக்கணக்கில் படகிலும் வண்டியிலும் காசிக்குப் போன வங்காளத்து மக்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெயிலில் ஏறினார்கள்.

1863-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, வைசிராய் எல்ஜின் பிரபு தனி ரெயிலில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். என்ஜினீயர் டர்ன்புல்லும் கூடப் போனார். இரவு ஜமால்பூரில் தங்கினார்கள். மறுநாள் சோன் பாலத்தில் ரெயிலை நிறுத்தி, இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். 7-ந் தேதி காசியில் தர்பார். ரெயில் பாதை போட்டதற்கும், முக்கியமாகச் சோன் நதியைக் கட்டியதற்கும் பாராட்டு விழா!

தர்பாரில் பிரபுக்கள் பெயர் எல்லாம் பதிவாயிற்று. கிணற்றுக்குள் இறங்கி மணல் அள்ளியவன் பெயர் எதிலும் இல்லை.

சுமார் 40 ஆண்டுகள் இந்தியாவிலேயே நீளமான பாலம் என்ற பெருமை கோயில்வாருக்கு இருந்தது. 1900-ம் ஆண்டு அந்தப் பெருமை பறிபோயிற்று. பறித்தது யார்? அதே சோன் நதியில், தெற்கே டேரி என்ற ஊரில் கட்டிய மூன்று கிலோ மீட்டர் ரெயில் பாலம்! அண்ணனிடமிருந்து தம்பி பட்டத்தை வாங்கிக்கொண்டான்.

டேரியைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1870-களில் அங்கே பாசனத்துக்காக இரண்டு மைலுக்கு மேல் நீளமான தடுப்பணை ஒன்று கட்டினார்கள். அதை "அனிகட்" என்று அழைத்தார்கள். அது என்ன சொல்? "அணைக்கட்டு" என்ற தமிழ்ச் சொல்தான்! காவிரியிலும் கொள்ளிடத்திலும் அணைகளைப் பார்த்து வியந்த ஆங்கில என்ஜினீயர்கள், சொல்லையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். பீகாரின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய அணைக்குத் தமிழ்ப் பெயர்.

பேராசிரியர் பெயரில் பாலம்

நாடு விடுதலை பெற்றபின் கோயில்வார் பாலத்துக்கு அப்துல் பாரி பாலம் என்று பெயர் வந்தது.

அப்துல் பாரி கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்தார். ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைத் தொழிலாளர்களுக்குத் தலைவரானார். அவர்களுடைய சங்கத்துக்குப் பல ஆண்டு தலைமை வகித்தார். பீகார் காங்கிரஸ் கமிட்டிக்கும் தலைவரானார். பெரிய பதவியில் இருந்தும் ஏழையாகவே வாழ்ந்தார்.

1947-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, விடுதலைக்கு நாலரை மாதம் இருக்கும்போது, பாட்னாவுக்குப் பக்கத்தில் சாலையில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இந்து - முஸ்லிம் கலவரப் புண்ணை ஆற்ற காந்தியடிகள் அப்போது பீகாரில்தான் இருந்தார். அவருக்கு அது பெரிய இடி.

இரும்பு ஆலைத் தொழிலாளியின் தலைவர் பெயரை இரும்புப் பாலத்துக்கு வைத்தது பொருத்தம்தான். வைசிராய் பெயரை வைக்காமல் விட்டதும் நல்லதே.

தமிழ்நாட்டுக்கு வரும் வழி

"பீகார் பாலத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து தானாப்பூருக்குச் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. ஜோலார்பேட்டை, காட்பாடி, சென்னை, விஜயவாடா, நாகபுரி வழியாகப் போய், ஆராவைத் தாண்டி, இந்தப் பாலத்தில் ஏறித்தான் தானாப்பூரை அடைகிறது. சென்னையில் மாடி வீடு கட்டும் பீகார்த் தொழிலாளி, தீபாவளிக்கும் சத் பண்டிகைக்கும் ஊருக்குப் போகும்போது சோன் மணலை ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். பாட்னா பக்கத்துக்காரனுக்கு "வீடு வந்துவிட்டது" என்று சொல்லும் பாலம் அது.

அந்தப் பாலத்தின் காலடியில்தான் இப்போது மண்வெட்டி விழுகிறது.

தங்க மணல்

சோன் என்றால் பொன். அதன் மணலும் பொன் நிறம்தான். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் வீடு கட்டுபவர்கள் "கோயில்வார் மணல் வேண்டும்" என்று கேட்டு வாங்குகிறார்கள். கேட்பவர் கூடக் கூட விலை கூடியது. விலை கூடக் கூடத் திருட்டும் கூடியது. உரிமம் பெற்றவர்கள் பகலில் அள்ளினால், உரிமம் இல்லாதவர்கள் இரவில் அள்ளினார்கள். படகிலே அள்ளினார்கள், இயந்திரம் வைத்தும் அள்ளினார்கள். பாலத் தூண்களுக்குப் பக்கத்தில் கூட அள்ளுகிறார்கள் என்று பலமுறை புகார் கிளம்பியது.

2021-ம் ஆண்டு ஜூலையில் பீகார் சர்க்கார் விழித்துக்கொண்டது. மணல் கொள்ளையைத் தடுக்கத் தவறியதாக, போஜ்பூர், அவுரங்காபாத் ஆகிய இரண்டு ஜில்லாக்களின் போலீஸ் சூப்பரிண்டெண்டுகளையே சஸ்பெண்டு செய்தது. வேலியே இப்படி இருந்தால் பயிரை யார் காப்பது?

மணல் எடுத்தால் தூணுக்கு என்ன? தூண்தான் ஆழத்தில் கிணற்றின் மேல் நிற்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு கம்பை நடுகிறோம். இரண்டு அடி புதைத்தால் ஆடாமல் நிற்கிறது. சுற்றியுள்ள மண்ணில் ஓர் அடியைச் சுரண்டி எடுத்துவிட்டால்? கம்பு அதே கம்புதான். பிடிமானம் பாதி போயிற்று. காற்று அடித்தால் சாயும். பாலத்துக் கிணறும் அப்படியே. கிணற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது அதைச் சுற்றியுள்ள மணல்தான்.

வெள்ளம் வரும்போது தூணில் மோதும் தண்ணீர் சுழன்று கீழே குடையும். தூணைச் சுற்றிப் பள்ளம் விழும். வெள்ளம் வடியும்போது ஆறு தானே மணலைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை மூடிவிடும். 160 ஆண்டும் ஆறு இப்படிக் குடைந்து குடைந்து மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முன்பே மனிதன் ஓர் ஆள் ஆழம் எடுத்துவிட்டால், வெள்ளத்தின் குடைச்சல் அந்த ஆழத்துக்கும் கீழே தொடங்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்றா சொல்வது, வினை என்றே சொல்ல வேண்டும். பாலத்துக்குக் கீழே, தண்ணீர் போகும் திசையில் தள்ளிப் பள்ளம் தோண்டினால் பாலத்துக்குச் சேதம் இல்லை என்று தோன்றும். அது தவறு! பள்ளத்தின் விளிம்பில் தண்ணீர் அருவி போல் விழும். விழும் இடத்தில் விளிம்பு இடியும். இடிய இடிய, பள்ளம் ஆற்றுக்கு எதிர்த் திசையில் நகர்ந்து பாலத்தை நோக்கி வரும். நீர் போவது ஒரு பக்கம். பள்ளம் போவது மறுபக்கம்!

அதனால்தான் மத்திய சர்க்கார் 2016-ம் ஆண்டு வெளியிட்ட மணல் விதிகளில், பாலம் போன்ற கட்டுமானங்களுக்கு மேல்புறம் குறைந்தது 250 மீட்டரும், கீழ்ப்புறம் குறைந்தது 500 மீட்டரும் விட வேண்டும் என்று சொன்னார்கள். கீழ்ப்புறத்துக்கு இரட்டிப்புத் தூரம் ஏன் என்பது இப்போது விளங்கும்.

"ஆறுதான் ஆண்டுதோறும் மணல் கொண்டுவருகிறதே?" என்ற பதிலும் உண்டு. முன்பு கொண்டுவந்தது. இன்று சோனிலும் அதன் கிளை ஆறுகளிலும் ரிஹந்த், பாண்சாகர் என்று பெரிய அணைகள் நிற்கின்றன. அணை தண்ணீரை விடும், மணலை விடாது. வரவு குறைந்த வீட்டில் செலவு கூடினால் என்ன ஆகும்?

இது தமிழ்நாட்டுக்குத் தெரியாத பாடம் அல்ல. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ம் ஆண்டு கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. பக்கத்திலே புதுப் பாலம் வந்ததும் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் இடிந்து விழுந்தன. மணலை அள்ளியதே காரணம் என்று ஊரார் குமுறினார்கள். போக்குவரத்து இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. கோயில்வாரிலோ மேலே இரட்டை ரெயில் பாதை இருக்கிறது. ஒவ்வொரு ரெயிலிலும் ஆயிரத்துக்கு மேல் ஜனங்கள்!

புதுப் பாலம் வந்தது, பழசு என்ன ஆகும்?

பழைய பாலத்தின் கீழ் ரோடு மிகக் குறுகல். மணல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஆம்புலன்சில் இருக்கும் நோயாளியும் லாரிக்குப் பின்னால் காத்துக்கிடக்க வேண்டும். அந்தத் தொல்லை தீர, பக்கத்திலேயே ஆறு வழிப் புதுப் பாலம் கட்டினார்கள். முதல் மூன்று வழிகளை 2020-ம் ஆண்டு டிசம்பரிலும், அடுத்த மூன்று வழிகளை 2022-ம் ஆண்டு மே மாதத்திலும் திறந்தார்கள். நல்ல காரியம். பழைய பாலத்தின் முதுகுப் பாரம் பாதி இறங்கியது.

ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. ரோட்டில் போகிறவர்கள் புதுப் பாலத்துக்குப் போய்விட்டால், பழைய பாலத்தின் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண் இல்லாமல் போகும். ரெயிலில் போகிறவன் தூணின் அடியைப் பார்க்க முடியுமா? இன்னொன்று: அள்ளிய பள்ளம் பழைய பாலம், புதுப் பாலம் என்று பேதம் பார்க்காது. பக்கத்தில் நிற்கும் புதுப் பாலத்தின் தூணும் அதே மணலில்தான் நிற்கிறது.

மணல் அள்ளும் ஏழைகளைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. கரையோரக் கிராமங்களில் படகோட்டிக்கும் சுமைத் தொழிலாளிக்கும் அதுதான் சோறு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையில் அள்ளுகிறவனுக்குக் கிடைப்பது அன்றாடக் கூலி. லட்சம் லட்சமாகப் போவது வேறு பைக்கு. மணலை அடியோடு நிறுத்து என்றால் வீடு கட்டுவது எப்படி, கூலிக்காரன் பிழைப்பது எப்படி என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. சோன் நதி நீளமானது. பாலத்தை விட்டுத் தள்ளி, அளவோடு, உரிமத்தோடு எடுக்க இடம் இருக்கிறது. பாலத்தின் காலடியில் எடுத்தால் ரோடு பக்கம், லாரிக் கூலி மிச்சம். அந்த லாபத்துக்காகத்தான் இத்தனை துணிச்சல்.

சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. பாலத்துக்கு மேலே 250 மீட்டரிலும் கீழே 500 மீட்டரிலும் ஆற்றின் இரு கரையிலும் கல் நட்டு, சிவப்புச் சாயம் அடிக்க வேண்டும். எழுத்துத் தெரியாத படகோட்டிக்கும் எல்லை தெரியும். அதற்குள் ஒரு படகு வந்தாலும் பிடிக்க வேண்டும். படகுக்காரனை மட்டும் அல்ல, அனுப்பியவனையும் பிடிக்க வேண்டும். ரெயில்வே இலாகா ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும், தூண்களின் அடியில் மணல் மட்டத்தை அளக்க வேண்டும். அளந்ததை பீரோவில் பூட்டி வைக்காமல், கோயில்வார் ஸ்டேஷனில் கறுப்புப் பலகையில் எழுதிப் போடலாம். போன ஆண்டு இத்தனை அடி, இந்த ஆண்டு இத்தனை அடி என்று இருந்தால் போதும். குறைந்தால் ஊராரே கேட்பார்கள்.

செலவு? ஒரு லாரி மணலின் விலை கூட ஆகாது, அந்தக் கறுப்புப் பலகைக்கு.